கத்தி பழகும் களம்

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது பழமொழி. அறுவை மருத்துவத்திற்கும் அது உதவாது என்பதைப் பண்டைய இந்திய மருத்துவர்கள் உணர்ந்திருந்தனர். அவர்கள் மாணவரின் கையில் மெய்யான சுரைக்காயையே கொடுத்தனர்.

நூல்களை முற்றக் கற்றவராயினும் செய்கைப் பயிற்சி பெறாதவர் அறுவைக்குத் தகுதியற்றவர் என்கிறது வடமொழி மருத்துவ நூலான சுசுருத சம்கிதை. வெட்டுவதற்குப் பூசணியும் வெள்ளரியும், குத்தித் திறப்பதற்கு நீர் நிறைத்த தோற்பை, நாளத்தில் துளையிடுவதற்குத் தாமரைத்தண்டு, புண்ணின் ஆழத்தைத் துழாவுவதற்குச் செல்லரித்த மரம், தைப்பதற்கு மென்தோல், கட்டுப்போடுவதற்குத் துணிப்பொம்மை என அது பயிற்சிப் பொருள்களை வகுத்துரைக்கிறது. இவை உடலுறுப்புகளைப் போலத் தோன்றுவன அல்ல. ஆயினும், கத்தியின்கீழ் உறுப்பு காட்டும் இயல்பை ஒவ்வொன்றும் ஓரளவு காட்டின.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் பேறுகாலத்தில் தாயும் சேயும் இறப்பது பெருந்துயராக இருந்தது. சிற்றூர்களின் மருத்துவச்சியருள் பலர் எழுத்தறியாதவர். அவர்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பை 1759இல் மன்னர் பதினைந்தாம் லூயி, அஞ்செலிக் து கூத்ரே என்னும் பெண்மணியிடம் ஒப்படைத்தார். அவர் துணியாலும் தோலாலும் பெண்ணின் இடுப்புப் பகுதியையும், பிறந்த குழந்தையளவு பொம்மையையும் உருவாக்கினார். குழந்தை நிலைமாறிக் கிடந்தால் எவ்வாறு திருப்புவது என்பதை மாணவியர் அதில் செய்து பழகினர். அம்மாதிரிகளுள் ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது.

இன்று நோயாளியின் சி.டி. ஸ்கேன் படங்களைக் கொண்டே அவருடைய உறுப்பின் மாதிரியை முப்பரிமாண அச்சில் வார்க்க முடிகிறது. நுண்துளை அறுவைக்கும் பயிற்சிப் பெட்டிகள் வந்துள்ளன. அவ்வறுவையில் வயிற்றுச் சுவரின் துளையே நெம்புகோலின் தாங்குபுள்ளியாகிறது. ஆகவே, கை இடப்பக்கம் அசைந்தால் கருவியின் முனை வலப்பக்கம் நகரும். கண் காண்பதோ திரையின் தட்டையான காட்சியை. இம்முரணுக்குக் கை பழகும்வரை, மாணவர் பெட்டிக்குள் மணிகளை இடம்மாற்றியும் முடிச்சிட்டும் பயில்கின்றனர்.

மாதிரிகள் அனைத்தையும் கற்பித்துவிடா. எதிர்பாராத குருதிப்பெருக்கையும், உடலுக்கு உடல் வேறுபடும் அமைப்பையும் அவை முழுமையாகக் காட்டுவதில்லை. எனவே, இறந்தோர் கொடையளித்த உடல்களும் மூத்த மருத்துவரின் மேற்பார்வையும் இன்றும் தேவைப்படுகின்றன. ஆயினும், கற்கும் கை தவறாமல் இராது. அத்தவறு பொம்மையில் நிகழ்ந்தால் பாடமாகும். மனிதரில் நிகழ்ந்தால் ஓர் உயிரின் இழப்பாகலாம். மாதிரிகளின் பயன் இவ்வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளது.