தண்டோரா போடாத செல்கள்

கொரோனாவின் முதல் அலையில், நெதர்லாந்தில் அண்ணன் தம்பி இருவருக்குமே வென்டிலேட்டர் வைக்க வேண்டியிருந்தது. வேறொரு குடும்பத்திலும் அதேபோல இரண்டு சகோதரர்கள். நால்வருக்கும் வயது 21-லிருந்து 32-க்குள்தான். பெரிய நாள்பட்ட நோய் எதுவும் கிடையாது. ஒருவரைக் காப்பாற்ற முடியவில்லை.

நைமேகன் நகரத்து ராட்பவுட் பல்கலைக்கழக மருத்துவர்கள் அவர்களின் மரபணுக்களைப் பரிசோதித்தார்கள். நால்வருக்கும் டிஎல்ஆர்7 என்ற மரபணுவில் பழுது இருந்தது. வைரஸின் ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. மோப்பம் பிடித்ததும் செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விடும். ஊருக்குத் தண்டோரா போடுவது மாதிரி. கேட்ட அக்கம்பக்கத்துச் செல்கள் கதவைச் சாத்திக்கொண்டு தயாராகும். இந்தச் சகோதரர்களின் ரத்தச் செல்களை ஆய்வகத்தில் தூண்டிப் பார்த்தபோது, தண்டோரா சரியாக ஒலிக்கவில்லை.

டிஎல்ஆர்7 இருப்பது எக்ஸ் குரோமோசோமில். பெண்ணுக்கு அது இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். ஆணுக்கு ஒன்றுதான். தாய்க்கே தெரியாமல் அந்தப் பழுது மகனுக்கு வந்துசேர்கிறது. கொரோனாவால் உயிருக்குப் போராடிய, 60 வயதுக்குக் குறைந்த ஆண்களில் சுமார் 1 சதவீதத்தினருக்கு இது இருந்ததாகப் பின்னர் தெரிந்தது.

'உடம்பைக் கவனிக்காமல் விட்டான், அதான் போய்ச் சேர்ந்தான்' என்று இறந்தவரைக் குறை சொல்லும் பேச்சு நம்மிடம் உண்டு. பிறவியிலேயே வந்த பழுதுக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்? கேட்கிற பெற்றோரின் மனம் என்ன பாடுபடும்!

டிஎல்ஆர்7 பழுது அபூர்வம். கடும் கொரோனாவோடு தொடர்புபடுத்தப்பட்டவற்றில் பரவலாக இருப்பது 3-ஆவது குரோமோசோமில் உள்ள ஒரு துண்டு. அது நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து வந்தது என்று 2020-இல் ஹியூகோ ஸீபெர்க், ஸ்வாந்தே பேபோ என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஐரோப்பாவில் 16 சதவீதம் பேரிடம் இருக்கும் இந்தத் துண்டு, தெற்காசியாவில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இருக்கிறது. ஐரோப்பியத் தரவுகளில் கடும் கொரோனாவோடு தொடர்புடைய இந்தத் துண்டுக்கும், தெற்காசியாவின் கொரோனா பாதிப்புக்கும் தொடர்பு தென்படவில்லை என்று 2021-இல் இந்திய ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இந்தத் துண்டை வைத்து ஒருவரை 'பலவீனமான உடம்பு' என்றும் சொல்லிவிட முடியாது. எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் சிசிஆர்5 என்ற கதவின் மரபணு இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. துண்டு உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் அபாயம் 27 சதவீதம் குறைவு என்று 2022-இல் கண்டவரும் அதே ஸீபெர்க்தான்.