திருநாதர்குன்றின் நிசீதிகைகள்
திண்டிவனத்துக்கு மேற்கே, விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியை அடுத்துள்ள திருநாதர்குன்று, சமணத்தின் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் இரு வரிசைகளாகச் செதுக்கப்பட்ட பாறைக்காகப் பெயர்பெற்றதாயினும், தம் முடிவை முன்கூட்டியே எண்ணி ஆயத்தமான துறவியரின் நினைவிடம் என்ற வகையிலேயே அது பெருமதிப்புக்குரியது. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை, அதாவது நோன்பிருந்து மறைந்த சமணத் துறவிக்குரிய நினைவிடம், இங்குள்ளதை ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு அறிவிக்கிறது. தமிழ்ப் பிராமி வட்டெழுத்தாக மாறிவந்த நிலையைக் காட்டும் அக்கல்வெட்டில் அரசன் பெயரோ ஆட்சியாண்டோ இல்லை, நோன்பு நாள்களும் ஆசிரியர் பெயருமே போதுமெனக் கருதப்பட்டிருப்பது உள்ளத்தைத் தொடுகிறது. பிற்காலத்தில், 30 நாள் நோன்பிருந்த இளையபட்டாரருக்கும் இங்கு நிசீதிகை அமைந்தது. சல்லேகனை எனப்படும் இந்நோன்பை, முடிவு நெருங்கிய நிலையில், குருவின் இசைவோடு மட்டுமே மேற்கொள்ள வேண்டுமென்பது சமண நெறி.

நினைவிடம் பற்றிய அக்கறை பிற சமயங்களுக்கும் உரியதே. உடலை எரியூட்டினால் சாம்பலைத் தூவிவிடாமல் கல்லறைத் தோட்டம் போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டுமெனக் கத்தோலிக்கத் திருச்சபை 2016இல் அறிவுறுத்தியது. எச்சமயத்தவராயினும், தம் இறுதி விருப்பத்தை நலமுள்ள காலத்திலேயே தெளிவாக எழுதிக் குடும்பத்தாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.