2032-ல் எவ்வளவு மின்சாரம் வேண்டும்?

கல்யாண வீட்டுச் சமையல்காரர் முதலில் என்ன கேட்பார்? "எத்தனை பேர் சாப்பிடுவாங்க?" என்றுதான். குறைவாகச் சமைத்தால் பந்தியில் தலைகுனிவு. அதிகமாகச் சமைத்தால் சோறு வீண். நாட்டின் மின்சாரக் கணக்கும் இப்படித்தான்!

இந்தக் கணக்கைப் போடுவது மத்திய மின்சார ஆணையம். வீடுகள், பம்புசெட்டுகள், தொழிற்சாலைகள், ரயில்கள் எனத் தனித்தனியாகப் பார்த்து, வருங்காலத் தேவையை மதிப்பிடுகிறார்கள். நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மிக அதிகமாகத் தேவைப்படும் அளவுக்கு 'உச்சத் தேவை' என்று பெயர். 2024 மே மாத வெயிலில் அது சுமார் 2,50,000 மெகாவாட். ஒரு மெகாவாட்டில் 75 வாட் மின்விசிறிகள் 13,000 சுற்றும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! 2031-32-ல் சுமார் 3,66,000 மெகாவாட் வேண்டும் என்கிறது 2022-ல் வெளியான மதிப்பீடு.

கணக்கு தப்புமா?

தப்பும். 2016-17-ல் ஏறத்தாழ 2,00,000 மெகாவாட் தேவைப்படும் என்று 2011-ல் மதிப்பிட்டார்கள். தேவைப்பட்டதோ சுமார் 1,60,000 மெகாவாட்தான். தேவையில்லாமல் நிலையம் கட்டினால் பணம் வீண். போதாமல் போனாலும் கஷ்டம். 2012-ல் தமிழ்நாட்டில் தினமும் பல மணி நேரம் மின்வெட்டு. அப்போது எப்படிப் படித்தார்கள் என்று உங்கள் அண்ணன், அக்காவிடம் கேளுங்கள்.

அணுமின்சாரம் தேவையா?

அணுமின் நிலையத்துக்கு முன்யோசனை இன்னும் அதிகம் வேண்டும். கூடங்குளத்துக்கு ஒப்பந்தம் போட்டது 1988-ல். கட்டத் தொடங்கியது 2002-ல். மின்சாரம் வந்தது 2013-ல். மொத்தம் 25 ஆண்டுகள்!

சூரிய மின்சாரம் இரவில் கிடைக்காது. காற்று நின்றால் காற்றாலையும் நிற்கும். நிலக்கரியோ புகை கக்கும். அணு உலை இரவு பகலாக ஓடும், புகை இல்லை. ஆனால் அதன் கழிவை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பத்திரமாகக் காக்க வேண்டும். 2011-ல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் விபத்து நடந்ததும், கூடங்குளம் பகுதி மீனவ மக்கள் பயந்து போராடினார்கள். அந்தப் பயத்தையும் கணக்கில் சேர்க்கத்தானே வேண்டும்?

இந்தியாவின் மின்சாரத்தில் அணுவின் பங்கு சுமார் 3 சதவீதம்தான். 2047-க்குள் 1,00,000 மெகாவாட் அணுமின் நிலையங்கள் என்பது 2025-ல் அரசு அறிவித்த இலக்கு. அப்போது நாட்டை நடத்தப் போவது நீங்கள்தான்!

இன்றே ஒரு பயிற்சி. வீட்டு மின்மீட்டரில் இன்று மாலை உள்ள எண்ணையும் நாளை அதே நேரத்து எண்ணையும் குறியுங்கள். வித்தியாசம்தான் உங்கள் வீட்டின் ஒரு நாள் தேவை. அடுத்த கோடையில் அது எவ்வளவு ஆகும்? மதிப்பிட்டு எழுதி வையுங்கள். கோடை வந்ததும் சரிபாருங்கள்!