நாய்க்குப் பிந்திய சிலை

சிட்னியிலுள்ள மகன் வீட்டிலிருந்து மெல்போர்னுக்குக் காரில் போகும் வழியில் கண்டகாய் என்ற சிற்றூரில் இறங்கினோம். ஊருக்கு எட்டு கிலோமீட்டர் முன்பே ஒரு நாய்ச் சிலை. எஜமானின் சாப்பாட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்து காவல் காக்கும் நாய். 1932-இல் பிரதமர் ஜோசப் லயன்ஸ் திறந்து வைத்தது. நாங்களும் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

ஊருக்குள் இன்னொரு சிலை. அதன் கதைதான் என் நெஞ்சைத் தொட்டது.

மர்ரம்பிட்ஜி ஆற்றோரத் தாழ்நிலத்தில் வெள்ளம் வரும் என்று விராட்ஜுரிப் பழங்குடியினர் எச்சரித்தும் வெள்ளையர்கள் அங்கேயே வீடு கட்டினார்கள். 1852 ஜூனில் வெள்ளம் வந்தது. சுமார் 250 பேர் வாழ்ந்த ஊரில் குறைந்தது 78 பேர் மாண்டார்கள். கூரையிலும் மரக்கிளையிலும் தவித்தவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கரை சேர்த்தவர்கள் யாரி, ஜாக்கி ஜாக்கி முதலிய பழங்குடியினர். யாரியிடம் இருந்ததோ சிறு மரப்பட்டைத் தோணி! தங்கள் நிலத்தைப் பறித்தவர்களையே உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றினார்கள். பிறகுதான் ஊர் மேட்டுக்கு மாறியது.

அவர்களுக்கு அன்று கிடைத்தது ஆளுக்கொரு மார்புத் தகடு. வெண்கலச் சிலை வந்தது 2017-இல்தான். நாய்க்கு 85 ஆண்டுகள் பிந்தி!

அவ்வழியே போகும் அன்பர்கள் நாயோடு நின்றுவிடாமல், ஊருக்குள்ளும் ஒரு நடை போய் வாருங்கள்.