பாக்கெட் இல்லாத கடைசி உடை: யூதர்கள் மரணத்தை எதிர்கொள்வது இப்படித்தான்!

துக்க வீட்டுக்குக் கிளம்பும்போது பலருக்கும் வருகிற முதல் பயம், 'போய் என்ன பேசுறது?' என்பதுதான். "எப்படி ஆச்சு?" என்று கேட்டால், அந்த வீட்டுக்காரர் அதே கதையை ஐம்பதாவது முறையாகச் சொல்ல வேண்டும். "எல்லாம் விதி" என்றால் அவருக்குக் கோபம்கூட வரலாம். அதனாலேயே வாட்ஸ்அப்பில் மூன்றெழுத்து டைப் செய்து, ஒரு கும்பிடு எமோஜி போட்டு முடித்துக்கொள்பவர்கள் நிறைய பேர்.

யூதர்கள் இதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு விதி வைத்துவிட்டார்கள். துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை, வந்தவர் பேசக் கூடாது. அவர் பேசவே இல்லையா? சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வாங்க, போதும். பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை என்கிறது பைபிள். அந்தக் கதையிலிருந்துதான் தல்மூத் எனும் யூத நூல் இந்த விதியை எடுத்தது.

நன்றி சொல்ல முடியாதவருக்கு ஓர் உதவி

துக்கம் விசாரிப்பதற்கு முன்பே பெரிய வேலை ஒன்று நடந்து முடிந்திருக்கும். அதைச் செய்பவர்கள் 'ஹெவ்ரா கதீஷா'. அரமேயிக் மொழியில் 'புனிதக் குழு' என்று அர்த்தம். பிராக் நகரில் 1564-லேயே இப்படி ஒரு குழு இருந்தது. நோயாளியைப் பார்க்கப் போவதிலிருந்து குழி வெட்டுவது வரை அவர்கள் செய்த வேலைகளை 18-ம் நூற்றாண்டில் வரிசையாக ஓவியங்களாகவே வரைந்துவைத்தார்கள். அங்குள்ள யூத அருங்காட்சியகத்தில் அவற்றை இன்றும் பார்க்கலாம்.

பல ஊர்களில் இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. பகலில் டீச்சராகவோ கடைக்காரராகவோ இருக்கும் ஒருவர், போன் வந்தால் கிளம்பிப் போய்விடுவார். ஆண் இறந்தால் ஆண்கள் குளிப்பாட்டுவார்கள், பெண் இறந்தால் பெண்கள். 'தஹாரா' என்று இதற்குப் பெயர். உடலை முழுதாகத் திறந்துவைக்க மாட்டார்கள். கழுவுகிற பகுதியை மட்டும் விலக்கி, கழுவியதும் மூடிவிடுவார்கள். முகத்தைக் குப்புறத் திருப்பக் கூடாது. உடலுக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு பொருளை எதிரில் இருப்பவரிடம் கொடுக்கக் கூடாது; சுற்றி வந்துதான் கொடுக்க வேண்டும். அரட்டைக்கு இடமே இல்லை. கடைசியில், இருபது லிட்டருக்கும் மேலான தண்ணீரைத் தாரை அறுந்துவிடாமல் ஊற்றுவார்கள்.

இதில் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது வேறொன்று. இறந்தவரைப் பெயர் சொல்லி அழைத்து, 'எங்கள் கை ஏதாவது மரியாதைக் குறைவாகப் பட்டிருந்தால் மன்னிச்சிடுங்க' என்று கேட்கிறார்கள். இந்த வேலைக்கு 'உண்மையான கருணை' என்றே பெயர் உண்டு. காரணம் சிம்பிள். உதவி வாங்கியவர் ஒருநாளும் திருப்பிச் செய்யப்போவதில்லை.

அடக்கம் முடியும்வரை உடலைத் தனியாக விடக் கூடாது என்பது இன்னொரு வழக்கம். யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து சங்கீதங்கள் வாசிப்பார். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, நியூயார்க்கில் உடல் பாகங்கள் அடையாளம் காணப்பட்டுக்கொண்டிருந்த பல மாதங்களும் இது தொடர்ந்தது. ஓய்வுநாளில் யூதர்கள் வாகனத்தில் போகக் கூடாது. அதனால் வாரக் கடைசியில், நடந்துபோகும் தூரத்தில் இருந்த ஸ்டெர்ன் கல்லூரி மாணவிகள் ஷிஃப்ட் போட்டுக்கொண்டு காவல் இருந்தார்கள். உள்ளே இருப்பது யார், எந்த மதம், எதுவும் அவர்களுக்குத் தெரியாது.

பணக்காரர் கூடை, ஏழைக் கூடை

குளிப்பாட்டிய பிறகு வெள்ளைத் துணியில் தைத்த எளிமையான உடை. அதில் பாக்கெட் இருக்காது. எடுத்துப்போக என்ன இருக்கு?

இந்த எளிமைக்குப் பின்னால் ஒரு சங்கடமான கதை உண்டு. ரோமானியர் காலத்தில் இறுதிச்சடங்குச் செலவு எகிறிப்போய், உடலை அப்படியே போட்டுவிட்டு உறவினர்கள் ஓடிவிட்டார்களாம். மரணத்தைவிடச் செலவுதான் பெரிய அடி என்கிறது தல்மூத். அப்போது ரப்பான் கமாலியேல் என்ற பெரிய தலைவர், தன்னைச் சாதாரணச் சணல்நூல் துணியில் அடக்கம் செய்யச் சொன்னார். அவருக்கே அதுதான் என்றதும் மற்றவர்களும் மாறினார்கள்.

சாப்பாட்டிலும் இதே பிரச்னை. பணக்காரர் வீட்டுத் துக்கத்துக்குத் தங்க, வெள்ளிக் கூடைகளில் உணவு போகும். ஏழை வீட்டுக்குப் பிரம்புக் கூடை. ஏழைகள் கூனிக்குறுகினார்கள். இனி எல்லோருக்கும் பிரம்புக் கூடைதான் என்று முடிவானது. எல்லோருக்கும் தங்கம் தருவதாக இல்லாமல், எல்லோரையும் பிரம்புக்கு இறக்கினார்கள் பாருங்க, அது சரியான முடிவு.

பானையை உடைத்த பணிப்பெண்

உயிர் பிரிந்துகொண்டிருப்பவரை அணையப்போகும் விளக்கோடு ஒப்பிடுகிறார்கள். விரல் பட்டாலே அணைந்துவிடும். எனவே மரணத்தைச் சீக்கிரப்படுத்தும் எதையும் செய்யக் கூடாது.

அப்படியானால், வலியை எவ்வளவு நாள்தான் இழுப்பது? இதற்கும் ஒரு கதை. ரப்பி யூதா கடும் வேதனையில் கிடந்தார். சீடர்கள் விடாமல் பிரார்த்தனை செய்ததால் உயிர் பிரியவில்லை. அவர் படும் பாட்டைப் பார்த்த பணிப்பெண், மாடியிலிருந்து ஒரு பானையைக் கீழே போட்டாள். சத்தத்தில் பிரார்த்தனை ஒரு நொடி நின்றது. அவர் போய்ச் சேர்ந்தார். அவள் செய்ததைத் தல்மூத் கண்டிக்கவே இல்லை.

ஐ.சி.யூ. வாசலில் நின்றவர்களுக்கு இந்தக் கதை புரியும். மரணத் தறுவாயில் இருக்கும் நோயாளிகளுக்காக இஸ்ரேல் 2005-ல் ஒரு சட்டம் போட்டது. ஓடிக்கொண்டிருக்கும் வென்டிலேட்டரை அணைக்க அனுமதி இல்லை. ஆனால் அதில் டைமர் பொருத்தலாம். நேரம் முடிந்து அது நின்றதும், நோயாளியின் விருப்பம் அதுவாக இருந்தால், மறுபடி ஓடவிட வேண்டியதில்லை. வார்த்தை விளையாட்டு மாதிரி தோன்றலாம். குடும்பத்தில் யாரும் கையால் நிறுத்தவில்லை என்பதற்கு அங்கே மதிப்பு இருக்கிறது.

ஏழு நாள், முப்பது நாள், ஒரு வருஷம்

அடக்கம் முடிந்ததும் 'ஷிவா'. ஏழு நாள் துக்கம். பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர், கணவன் அல்லது மனைவி என நெருங்கியவர்கள் வீட்டிலேயே தாழ்வான இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள். கண்ணாடிகளை மூடிவிடுவார்கள். ஷேவிங் கிடையாது. முதல் சாப்பாடு அவர்கள் வீட்டுச் சாப்பாடாக இருக்கக் கூடாது; அக்கம்பக்கத்தார்தான் அவித்த முட்டை, பருப்பு எனக் கொண்டுவர வேண்டும். ஏழாம் நாள் எழுந்து வெளியே போய்த் தெருவை ஒரு சுற்று நடந்துவிட்டு வருவது பல இடங்களில் வழக்கம்.

முப்பதாம் நாளோடு பெரும்பாலான கட்டுப்பாடுகள் முடியும். பெற்றோருக்கு மட்டும் ஒரு வருஷம். அதில் 11 மாதங்கள் 'கதீஷ்' என்ற பிரார்த்தனை. ஆச்சர்யம், அதில் மரணம் என்ற பேச்சே வராது. முழுக்க இறைவன் புகழ்தான். அதைத் தனியாகச் சொல்லவும் முடியாது. பத்துப் பேர் வேண்டும். மரபுவழிக் குழுக்களில் பத்து ஆண்கள். மற்ற பல பிரிவுகளில் பெண்களையும் கணக்கில் எடுப்பார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய ஜெப ஆலயம் இருக்கிறது, ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் இஸ்ரேலுக்குப் போய்விட்டதால், அந்தப் பத்துப் பேரைச் சேர்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்களை எதிர்பார்க்க வேண்டிய நிலை.

ஹெவ்ரா கதீஷா ஆட்களுக்கும் வருஷத்தில் ஒருநாள் உண்டு. யூத நாள்காட்டியில் ஆதார் மாதம் 7-ம் தேதி, மோசே இறந்ததாக நம்பப்படும் நாள். அவரை அடக்கம் செய்தது கடவுளே என்பது நம்பிக்கை. பல ஊர்களில் அன்று பகல் முழுக்க விரதம் இருந்து, அந்த வருஷம் குளிப்பாட்டிய ஒவ்வொருவரிடமும் தெரியாமல் செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்பார்கள். சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து நல்ல விருந்து சாப்பிடுவார்கள்.