கம்பெனிப் புல்

குடியிருந்த லயம் கம்பெனியுடையது. சீவிய மரம், கையில் பிடித்த உளி, பால் வடிந்த மங்கு, தோளில் சுமந்த வாளி எல்லாம் கம்பெனியுடையவை. மாரியம்மன் கோயில் நின்ற மண்கூடக் கம்பெனி மண்தான். நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில் இரண்டு மூன்று தலைமுறை உழைத்த தமிழர்கள் ‘இது என்னுடையது’ என்று கயிற்றைப் பிடித்துச் சொல்ல முடிந்தது பெரும்பாலும் மாட்டை மட்டுமே. அந்த மாடு தின்றதோ கம்பெனிப் புல்.

தமிழ்நாட்டு ஊர்களில் மந்தைவெளி இருந்தது. யார் மாடு போனாலும் கேள்வியில்லை. கடல் கடந்து வந்த சேலத்துக்காரருக்கும் தஞ்சாவூர்க்காரருக்கும் இங்கே அப்படி ஓர் ஊர்ப்பொது கிடையாது. மலாயாவில் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய தொழிலாளர் சட்டம் இதற்கு ஒரு வழி சொன்னது. குடும்பத்தோடு இருக்கும் இந்தியத் தொழிலாளிக்கு ஏக்கரில் 16-இல் ஒரு பங்கு நிலத்தைக் காய்கறித் தோட்டத்துக்கோ மேய்ச்சலுக்கோ முதலாளி ஒதுக்க வேண்டும். கருணையால் எழுதிய சட்டம் என்று நான் நினைக்கவில்லை. கறவை மாடு கட்டியவன் அடுத்த தோட்டத்துக்கு எளிதில் ஓட மாட்டான் என்பது துரைமார்களுக்குத் தெரியாததல்ல. போகட்டும். அந்தப் பங்கு சுமார் 2,700 சதுர அடி. ஒரு கிடேரிக்கு அது எத்தனை நாளைக்குக் காணும்? ஆகவே மாடுகள் தீம்பாருக்குள், ரப்பர் மரக் காட்டுக்குள், புகுந்தன. நிரைகளுக்கு நடுவே முளைத்ததைத் தின்றன. துரை பார்த்தும் பார்க்காமல் போனார். அந்தப் பாராமுகம்தான் எங்கள் மந்தைவெளி.

பாராமுகத்துக்கும் சட்டதிட்டம் உண்டு. ஆடு பட்டையைக் கடிக்கும், அதனால் ஆட்டுக்குப் பல தோட்டங்களில் இடமில்லை. மாடு மங்கைத் தட்டிவிட்டால் மண்டோர் பெயர் எழுதுவார். கன்று நிலப்போர்வையாக வளர்த்த கொடியை மேய்ந்துவிட்டால் கிராணிவரை சேதி போகும். பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) முன்னால், இருட்டிலேயே, பெண்கள் கறந்து முடித்தார்கள். மரவெட்டு முடிந்து ரப்பர்ப் பாலை எடைபோட்ட பிறகு பிள்ளைகள் மாட்டை ஓட்டிப் போனார்கள். சைக்கிளில் தகரப் பால்பாத்திரம் கட்டிச் சிரம்பான் டவுனுக்குப் போனவர்கள் மாலைப் பாலை விற்றுவிட்டு, திரும்பும்போது தவிடும் புண்ணாக்கும் வாங்கி வந்தார்கள். செக்ரோல் (தோட்டப் பதிவேட்டுச்) சம்பளம் அரிசிக்கும் கடைக் கடனுக்கும் சரியாகப் போனது. பள்ளிக்கூடக் காலணி, பிள்ளைப்பேறு, மகள் கல்யாணம் எல்லாம் மாட்டின் கணக்கில் எழுதப்பட்டவை. மலேசியக் கால்நடைத் துறை ‘உள்நாட்டு இந்தியக் கறவை மாடு’ என்றே ஓர் இனத்தைத் தனியாகக் குறிப்பிடுகிறது. கப்பலில் வந்த மாடுகளின் வழித்தோன்றல் அது. இன்று அது அருகிவிட்டது.

சிரம்பானிலிருந்து அம்பாங்கான் வழியாகக் கோலப்பிலாவுக்குப் போகும் சாலை பாரோய் தாண்டியதும் புக்கிட் புத்துஸ் ஏற்றத்தில் ஏறும். பக்கத்தில் 825 மீட்டர் உயரத்தில் அங்சி மலை. தீத்திவங்சா மலைத்தொடரின் தென்கோடிக் காடு இது. காட்டின் விளிம்பில் மாடு மேய்த்தவனுக்கு விலங்குகளோடு தினமும் பேச்சுவார்த்தை உண்டு. புலிக் கதைகள் அந்தக் காலத்துப் பெரியவர்களிடம் நிறைய. இன்று தீபகற்ப மலேசியா முழுவதிலும் 150-க்கும் குறைவான புலிகளே எஞ்சியிருப்பதாக 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. புலி பயமில்லை, மலைப்பாம்பு பயம் இருக்கிறது. கன்றைச் சுற்றி முறுக்கிய மலைப்பாம்பைப் பாராங்கத்தியால் வெட்டிய கதை இல்லாத மாட்டுக்காரரை நான் கண்டதில்லை. கதையில் பாம்பின் நீளம் ஆண்டுதோறும் கூடும், அது வேறு விஷயம். உண்மையில் கன்றுகளை அதிகம் தின்றவை கூட்டமாகத் திரியும் தெருநாய்கள். முழு மாட்டையே தின்றவர்கள் இரவில் லாரியோடு வரும் திருடர்கள்.

செப்டம்பர், அக்டோபரில் வடக்கிலிருந்து உண்ணிக்கொக்குகள் வந்து சேரும். மாடு கால் எடுத்து வைத்ததும் புல்லிலிருந்து எகிறும் வெட்டுக்கிளிக்காக அதன் மூக்குக்கு முன்னாலேயே நடக்கும். ஏப்ரலுக்குள் போய்விடும். மைனா போகாது. முதுகில் ஏறி உட்கார்ந்தே இருக்கும். மாலையில் கொட்டகைக்குப் பக்கத்தில் தேங்காய் மட்டையும் பச்சிலையும் காய்ந்த சாணமும் போட்டு மூட்டம் போடுவார்கள். மாட்டு ஈக்கும் கொசுவுக்கும் அதுதான் மருந்து. மாடுகள் தாமாகவே புகைக்குள் வந்து நிற்கும். செம்பனை வந்த பிறகு எலி பெருகியது, எலியைத் தேடி நாகம் வந்தது. எலிக்காகவே பல தோட்டங்கள் கம்பத்தில் பெட்டி கட்டிக் கூகை வளர்த்தன. இரவில் சினைமாட்டைப் பார்க்கப் போகிறவர் தலைக்கு மேல் அது வெள்ளையாகப் பறந்து போகும். பேய்க் கதைகளில் பாதி அதனால் பிறந்தவை என்பது என் சந்தேகம்.

மாட்டுப் பொங்கல் அன்று கொம்புக்குச் சாயம் அடித்துத் தோட்டத்து எல்லை முனீஸ்வரருக்கு முன்னால் மாடுகளை நிறுத்துவார்கள். கன்று ஈன்றால் சீம்பால் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகும். இதெல்லாம் நம் பத்திரிகைகள் விரும்பி எழுதுவது. எழுதாத ஒன்றும் உண்டு. காளைக்கன்றுக்கு நல்ல விலை கிடைப்பது ஹஜ்ஜுப் பெருநாள் சமயத்தில்தான். குர்பானிக்காகக் கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரர்கள் வந்து பேரம் பேசுவார்கள். மாட்டிறைச்சி தொடாத வீடு, பெயர் வைத்து வளர்த்த காளையை விற்கும். பெண்கள் அன்று வாசலுக்கு வர மாட்டார்கள். அந்தப் பணத்தில்தான் பிள்ளை ஐந்தாம் படிவம் முடித்திருப்பான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பேன்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது மாட்டுக்கு நல்லதா கெட்டதா என்பதில் தோட்டத்துக்காரர்களிடையே ஒத்த கருத்து இல்லை. மரம் ஓரளவு வளர்ந்த பிறகு மாடு மேய்ந்தால் களை குறையும், மருந்துச் செலவு மிஞ்சும் என்று ஆராய்ச்சி நிலையங்களே 1980-களிலிருந்து சொல்லி வந்தன. ஆனால் நிழல் அடர்ந்தால் புல் மெலியும். மருந்தடித்த நிரையில் மாடு வாய் வைத்தால் ஆபத்து. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்குத் தடை வந்ததே 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான். இவற்றையெல்லாம் விடப் பெரிய இடி மறுநடவு. சுமார் 25 ஆண்டுக்கு ஒருமுறை பழைய மரத்தைச் சாய்த்துக் கன்று நடும்போது, குருத்தைத் தின்னும் மாடு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு உள்ளே வரக் கூடாது. அதுவரை மாட்டை எங்கே கட்டுவது?

இதே மாநிலத்தில், கெமாஸில், தேசிய மாட்டுப்பண்ணைத் திட்டத்துக்கு அரசு 250 மில்லியன் ரிங்கிட் மென்கடன் ஒதுக்கியது. 2010-இல் 8,000 மாடு இருக்க வேண்டிய இடத்தில் 3,289 தான் இருந்தன என்று தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சொன்னபோது நாடே பேசியது. ஒரு வெள்ளிகூடக் கடன் வாங்காமல், கம்பெனிப் புல்லை நம்பி மாடு பெருக்கியவர்களை யாரும் கணக்கெடுத்துப் பாராட்டவில்லை. அவர்களுக்கு வந்தது ‘மாடுகளை அப்புறப்படுத்தவும்’ என்ற கடிதம்.

தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட 1950-களிலேயே இந்த அப்புறப்படுத்தல் தொடங்கிவிட்டது. ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்ததும் அந்தத் துண்டாடலைக் கண்டுதான். பிறகு செனவாங்கில் தொழிற்பேட்டை, தோட்ட நிலத்தில் சிரம்பான் 2, அதற்கப்பால் நீலாய்வரை வீடமைப்புகள். 2020-இல் சிரம்பான் மாநகரமே ஆகிவிட்டது. லயத்தை இழந்தவர்களுக்குப் பல இடங்களில் மலிவு விலை அடுக்குமாடி கிடைத்தது. மூன்றாவது மாடிக்கு மாடு ஏறாது. இழப்பீட்டுப் பேச்சுகளில் வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி மூன்றும் வந்தன. மேய்ச்சல் நிலம் பேச்சிலேயே வரவில்லை. தொழிற்சங்கமும் கட்சியும் அதைக் கேட்கும் அளவுக்குப் பெரிய காரியமாக நினைக்கவில்லை என்பது என் குறை.

விடாப்பிடியாக வைத்திருப்பவர்கள் மின்கம்பி வழித்தடத்திலும் ஆற்றோர ரிசாப் (ஒதுக்கு) நிலத்திலும் மேய்க்கிறார்கள். அரசு நிலத்தில் கொட்டகை போட்டால் தேசிய நிலச் சட்டத்தின் 425-ஆவது பிரிவு இருக்கிறது. சாலைக்கு வந்த மாட்டைப் பிடித்துப் போக ஊராட்சி மன்ற லாரி இருக்கிறது. ஆகவே சிலர் மாட்டைக் கம்பத்து நண்பர்களிடம் வாரத்துக்கு விடுகிறார்கள். மலாய்க்காரர்களிடம் நெடுங்காலமாக உள்ள ‘பாவா’ முறைதான். வளர்ப்பவருக்கும் உடையவருக்கும் கன்றுகளில் பங்கு. நிலம் அவர்களுடையது, மாடு இவர்களுடையது. முதல் ஈத்துக் கிடேரி யாருக்கு என்பதில்தான் பேச்சு இரண்டு சுற்றுத் தேநீர்வரை நீளும்.