பாதாளக் குழியில் கிடந்த பிள்ளைகளை மேடை ஏற்றிய சர்க்கஸ் கோமாளி!

பகலில் ரெயில்வே ஸ்டேஷனில் பிச்சை. ராத்திரி ரோட்டுக்கு அடியில் பாதாளக் குழியில் படுக்கை. பசித்தால் சாப்பாடு கிடையாது. பிளாஸ்டிக் பையில் பெயிண்டை ஊற்றி மோந்து கொள்ள வேண்டியதுதான்!

இப்படிக் கிடந்த பிள்ளைகளைத் தேடி ஒரு கோமாளி வந்தார். வயது 20. வெளிநாட்டுக்காரர். கையில் பந்து, மூக்கில் சிவப்பு உருண்டை. வேறு மூலதனம் எதுவும் இல்லை.

அவர் பெயர் மிலூத் உக்கிலி. அல்ஜீரிய வம்சாவளியில் வந்த பிரெஞ்சுக்காரர். சர்க்கஸ் வித்தை படித்தவர். 1992-ம் ஆண்டு ருமேனியா நாட்டின் தலைநகரான புகாரெஸ்ட் நகரத்துக்குப் போனார். வேடிக்கை காட்டிவிட்டுத் திரும்பி விடவில்லை. அங்கேயே தங்கி விட்டார். தெருப்பிள்ளைகளைச் சர்க்கஸ்காரர்களாக்கி ஐரோப்பிய மேடைகளில் நிறுத்தினார்.

அதன் விவரம் வருமாறு:-

பெற்றே ஆக வேண்டும்!

அவ்வளவு பிள்ளைகள் தெருவுக்கு வந்தது எப்படி? அதற்கு ஒரு சட்டம்தான் காரணம்.

ருமேனியாவை ஆண்ட சர்வாதிகாரி சௌசெஸ்கு, நாட்டில் ஜனத்தொகை பெருக வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1966-ம் ஆண்டு அவரது சர்க்கார் 770-ம் எண் உத்தரவைப் போட்டது. கருக்கலைப்பு குற்றம். 45 வயதைத் தாண்டியவர்கள், 4 பிள்ளை பெற்றவர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு. கர்ப்பத்தடைச் சாதனங்களும் கிடைக்காமல் போயின. பிள்ளை இல்லாதவர்கள் தனி வரி கட்ட வேண்டும்!

மறு வருடமே பிரசவங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகி விட்டது.

பெற்றாகி விட்டது. சோறு போடுவது யார்? வெளிநாட்டுக் கடனை அடைப்பதற்காக 1980-களில் நாட்டில் விளைந்ததை எல்லாம் ஏற்றுமதி செய்தார்கள். ரொட்டிக்கும் இறைச்சிக்கும் ரேஷன். வீட்டில் வைத்து வளர்க்க முடியாதவர்கள் குழந்தைகளைச் சர்க்கார் விடுதிகளில் கொண்டு போய் விட்டார்கள்.

1989-ம் ஆண்டு டிசம்பரில் ஜனங்கள் கொதித்து எழுந்தார்கள். சௌசெஸ்குவும் மனைவியும் டிசம்பர் 25-ந் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விடுதிகளை உலகம் எட்டிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். உள்ளே 1 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள்! ஒரே கட்டிலில் இரண்டு மூன்று பேர். மொட்டைத் தலை. பேச்சு வராத குழந்தைகள். டெலிவிஷனில் பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள்.

இரும்பு மூடிக்கு அடியில்

விடுதியில் அடி தாங்காமல் ஓடியவர்கள் உண்டு. வறுமையில் வீட்டை விட்டுக் கிளம்பியவர்களும் உண்டு. ரெயில் ஏறினால் எல்லோரும் வந்து இறங்கிய இடம் ஒன்றுதான். புகாரெஸ்ட்டின் பெரிய ஸ்டேஷனான 'காரா டி நோர்ட்'.

அங்கே மழைக்காலம் போல அல்ல குளிர்காலம். தண்ணீர் உறைந்து விடும். வெட்டவெளியில் படுத்தால் காலையில் எழுந்திருக்க முடியாது.

அந்த நகரத்தில் வீடுகளுக்குச் சூடு ஏற்ற, ரோட்டுக்கு அடியில் பெரிய குழாய்களில் வெந்நீர் ஓடுகிறது. குழாயை ரிப்பேர் பார்க்க ஆங்காங்கே இரும்பு மூடி. மூடியைத் தூக்கி உள்ளே இறங்கினால் இருட்டு, நாற்றம், எலி. ஆனால் கதகதப்பு இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதுதான் வீடு.

பசிக்கு மருந்து 'ஆரோலாக்'. இரும்புக்கு அடிக்கும் வெள்ளி நிற பெயிண்ட். கடையில் மலிவாகக் கிடைக்கும். பையில் ஊற்றி மோந்தால் பசி தெரியாது, குளிர் தெரியாது. மூளை கெட்டுப் போவதும் தெரியாது. அந்தப் பெயிண்டின் பெயரையே பிள்ளைகளுக்குப் பட்டப்பெயராக வைத்து விட்டார்கள் ஊர்க்காரர்கள்.

கோமாளிக்கு என்ன வேலை?

அரிசியும் கம்பளியும் கொண்டு வந்த தர்மவான்கள் எத்தனையோ பேர். இந்த வாலிபர் கோமாளி வேஷத்தில் வந்தார். சாப்பாட்டுக்கு வழி இல்லாதவனுக்குச் சர்க்கஸ் எதற்கு என்று யாருக்கும் கேட்கத்தான் தோன்றும்.

யோசித்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

கம்பளி கொடுத்தால் பிள்ளை வாங்கிக் கொள்ளும். மறுநாள் அதை விற்றுப் பெயிண்ட் வாங்கும். போலீஸ், அதிகாரி, விடுதி வார்டன் எல்லோரும் அந்தப் பிள்ளைக்குப் பயமான ஆட்கள். பெரியவர் யார் கிட்டே வந்தாலும் ஓடி விடும். கோமாளியைப் பார்த்து யாரும் ஓட மாட்டார்கள். கோமாளியே தடுக்கி விழுகிற ஆள். அவன் யாரை மிரட்டப் போகிறான்?

அடுத்தது இன்னும் முக்கியம். மூன்று பந்தை மேலே எறிந்து பிடிக்க வேண்டும் என்றால் இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் பெயிண்ட் பை இருந்தால் வித்தை நடக்காது. ஒருவன் தோள் மேல் ஒருவன் ஏறி நிற்கிறான். கீழே நிற்பவன் போதையில் ஆடினால் மேலே நிற்பவன் மண்டை உடையும். 'பையைக் கீழே போடு' என்று நூறு தடவை புத்தி சொன்னாலும் கேட்காத பிள்ளை, பந்துக்காகத் தானே கீழே போடும்.

"நீ திருடன்" என்று ஏசிய ஊர் கைதட்டுகிறது. அந்தச் சத்தத்தை அதுவரை அந்தப் பிள்ளைகள் கேட்டதே இல்லை.

ஊர் ஊராக

1996-ம் ஆண்டு 'பாரடா' என்ற அறக்கட்டளை பிறந்தது. ருமேனிய மொழியில் 'ஊர்வலம்' என்று அர்த்தம். சிவப்பு மூக்கு அதன் சின்னமானது. வித்தை மட்டும் அல்ல. பகலில் வந்து குளிக்க, சாப்பிட, எழுதப் படிக்க ஒரு இடமும் ஏற்பாடு ஆனது.

தெருப்பிள்ளைகளின் குழு பிரான்ஸ், இத்தாலி நாடுகளில் நிகழ்ச்சி நடத்தியது. டிக்கெட் பரிசோதகரைக் கண்டால் ஒளிந்த பிள்ளைகள் பாஸ்போர்ட்டோடு எல்லை தாண்டினார்கள்!

2008-ம் ஆண்டு இந்தக் கதை இத்தாலிய டைரக்டர் மார்க்கோ பொன்டெகோர்வோ கையில் சினிமாவாகவும் வந்தது. வெனிஸ் திரைப்பட விழாவில் அதைக் காட்டினார்கள்.

எல்லோரும் தப்பவில்லை

ஒரு கோமாளியால் ஊர் முழுவதையும் திருத்த முடியுமா? முடியவில்லை.

2014-ம் ஆண்டு பிரிட்டிஷ் டெலிவிஷன்காரர்கள் அதே ஸ்டேஷன் பக்கத்தில் பாதாளத்துக்குள் காமிராவுடன் இறங்கினார்கள். அப்போதும் உள்ளே ஆட்கள் இருந்தார்கள். 1990-களில் பிள்ளைகளாக இருந்தவர்கள் வளர்ந்து ஆளாகி விட்டார்கள். பெயிண்ட் போய் ஊசி வந்து விட்டது. கூடவே எய்ட்ஸ் கிருமி, காச நோய். 2015-ம் ஆண்டு போலீசார் உள்ளே புகுந்து, அந்தக் கூட்டத்தின் தலைவனைப் போதை மருந்து வழக்கில் பிடித்துக் கொண்டு போனார்கள்.

சட்டமும் மாறியது. 2004-ம் ஆண்டு ருமேனியாவில் குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தையை, கடுமையான ஊனம் இருந்தால் தவிர, விடுதியில் போடக் கூடாது என்று அது சொன்னது. சட்டம் திறந்த கதவைச் சட்டம்தான் மூட வேண்டி இருந்தது.

2 வாரத் தர்மம்

மிலூத்தைப் போல நாமும் போகலாமே என்று வெளிநாட்டு வாலிபர்களுக்கு ஆசை வருவது சகஜம். அதை வைத்தே ஒரு வியாபாரம் கிளம்பி விட்டது. பணம் கட்டினால் 2 வாரம் ஏழைப் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லித் தரலாம், பாட்டுச் சொல்லித் தரலாம் என்று கம்பெனிகள் ஆள் பிடிக்கின்றன.

கம்போடியாவில் நடந்ததைக் கேளுங்கள். யுத்தம் ஓய்ந்து வெகு காலம் ஆன பிறகு, 2005 முதல் 2010 வரை 5 வருடத்தில் அங்கே அனாதை இல்லங்கள் 75 சதவீதம் பெருகின. மொத்தம் 269! பெற்றோர் செத்துப் போனார்களா என்றால் அதுவும் இல்லை. 4 பிள்ளைகளில் 3 பேருக்குத் தாயோ தகப்பனோ உயிருடன் இருப்பது தெரிய வந்தது. பெருகியது டூரிஸ்டுகளின் கூட்டம்தான். பார்க்க வருகிறவர்கள் பணம் கொடுக்கிறார்கள். பிள்ளை இருந்தால்தான் பணம் வரும். ஆகவே கிராமத்தில் 'படிக்க வைக்கிறோம்' என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள்.

'குழந்தைகள் காட்சிப் பொருள் அல்ல' என்று 2011-ம் ஆண்டு அங்கே பிரசாரமே நடத்த வேண்டி வந்தது. இப்படிப் பிள்ளை பிடிப்பதை நவீன அடிமைத்தனம் என்று 2018-ம் ஆண்டு ஆஸ்திரேலியா ஒப்புக் கொண்டது.

அதே கம்போடியாவில் நல்ல உதாரணமும் உண்டு. தாய்லாந்து எல்லையில் இருந்த அகதி முகாமில் 1986-ம் ஆண்டு வெரோனிக் டெக்ரோப் என்ற பிரெஞ்சுப் பெண் பிள்ளைகளுக்குப் பென்சிலும் பேப்பரும் கொடுத்து ஓவியம் சொல்லித் தந்தார். ஊர் திரும்பிய மாணவர்கள் 9 பேர் அவரோடு சேர்ந்து 1994-ம் ஆண்டு பட்டாம்பாங் நகரில் கலைப் பள்ளி தொடங்கினார்கள். மாணவர்களே வாத்தியார் ஆனார்கள்.

கிளம்பும் முன்பு

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளையோ, லீவு எடுத்துக் கொண்டு போக நினைக்கும் வாலிபரோ பணம் கட்டும் முன் 4 கேள்வி கேட்டுக் கொள்வது நல்லது.

கட்டுகிற பணத்தில் பிள்ளைகளுக்குப் போவது எவ்வளவு?

அங்கே உள்ள பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் உண்டா? உண்டு என்றால் ஏன் வீட்டில் இல்லை?

போகிறவரின் நடத்தைக்குப் போலீஸ் சர்ட்டிபிகேட் கேட்கிறார்களா? கேட்காத இடம் என்றால் கண்டவனும் உள்ளே வரலாம்.

நாம் திரும்பிய பிறகு அதே வகுப்பை நடத்த உள்ளூர் ஆள் இருக்கிறாரா?

கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை என்றால் போகாமல் இருப்பதே மேல். புதிதாக ஒருவர் வந்து கொஞ்சி, பாசம் காட்டி, இரண்டாவது வாரம் டாட்டா சொல்லி விட்டுப் போனால், ஏற்கனவே ஒரு தடவை கைவிடப்பட்ட பிள்ளைக்கு அது இன்னொரு தடவை.

புகாரெஸ்ட் போன கோமாளி அமைப்பைத் தொடங்கவே 4 வருடம் ஆனது.